நீ வைத்த இருபத்திரண்டு டிகிரி

ஜெனி,

இதை முதலில் நீ மட்டும் தனியாகப் படி. ஸ்டீபனுக்குக் காட்ட வேண்டுமா வேண்டாமா என்பதைப் பிறகு நீயே முடிவு செய்துகொள். வாட்ஸ்அப் இருக்கும்போது இந்த மனுஷர் ஏன் கூரியரில் கடிதம் அனுப்புகிறார், உடம்புக்கு ஏதாவதோ என்று பயந்துவிடாதே. சர்க்கரையும் பிரஷரும் அதனதன் இடத்தில் ஒழுங்காக இருக்கின்றன. போனிலேயே சொல்லிவிடலாம் என்று இந்த வாரம் இரண்டு தடவை உன்னைக் கூப்பிட்டேன். இரண்டு தடவையும் "சாப்பிட்டியாம்மா, கோயம்புத்தூர்ல மழையா" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். என் வாய் அப்படிப்பட்டது. சங்கடமான இடம் வந்தால் தானாகவே மழைக்குத் தாவிவிடும். எழுத உட்கார்ந்தால் அப்படி நழுவ முடியாது என்றுதான் சாப்பாட்டு மேசையில் நோட்டை விரித்திருக்கிறேன்.

போன ஞாயிறு நம் சபையில் உனக்கும் ஸ்டீபனுக்கும் முதல் கல்யாண ஓலை வாசித்தார்கள். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதாவது அறிந்தவர்கள் சொல்லலாம் என்று போதகர் நிறுத்தியபோது மம்மி என் தொடையில் தட்டிச் சிரித்தாள். அப்போது நானும் நிம்மதியாகத்தான் இருந்தேன். ஆராதனை முடிந்து முடிச்சூரில் ஸ்டீபன் வீட்டுக்குச் சாப்பிடப் போனோம். அங்கேதான் உன் ஆபீஸ் பேச்சு வந்தது. பம்புகளைக் கணினியில் கண்காணிக்கிற வேலையிலிருந்து, பம்புகளையே கழற்றி உள்ளே இருக்கும் இறக்கைகளைச் சோதித்துப் பார்க்கிற லேபுக்கு உன்னை மாற்றிக்கொள்ளக் கூப்பிடுகிறார்கள், வருகிற திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும், நீ வேண்டாம் என்கிறாய் என்று ஸ்டீபன் சொன்னான். அவனுடைய அப்பா, "போயேம்மா, நல்ல சான்ஸ்தானே" என்றார். நீ கையில் சோற்றை வைத்துக்கொண்டே, "ஐயோ அங்கிள், மெஷின் சமாச்சாரம் எனக்குக் கையில வராது. பிளஸ் டூ படிக்கும்போது ஒரு போட் செஞ்சேன். பெரிய இவ மாதிரி புரொப்பல்லருக்குக் கணக்கெல்லாம் போட்டேன். நடு ஏரியில பொகை வந்து நின்னுடுச்சு. டாடிதான் சாட்சி, கேளுங்க" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். ஸ்டீபனின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். சாட்சியான நானும் சேர்ந்து சிரித்தேன்.

அந்தக் கதை தப்பு, ஜெனி. நீ பொய் சொல்லவில்லை, உனக்குத் தெரிந்ததைச் சொன்னாய். ஆனால் அன்று அந்த மோட்டார் கருகியதற்கு உன் கணக்கு காரணம் இல்லை. நான் காரணம். சாயங்காலம் தாம்பரத்தில் உன்னை ரயில் ஏற்றிவிட்டு வந்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. பதினொரு வருஷமாக இறங்கிய சாப்பாடு இப்போது மட்டும் ஏன் அடைக்கிறது என்றால், அந்தக் கதையை வைத்து நீ ஒரு முடிவு எடுக்கப் போகிறாய். ஏற்கெனவே ஒரு தடவை எடுத்தாய். இது இரண்டாவது.

என் குணம் உனக்குத் தெரியும். முப்பத்தொரு வருஷம் விசிறிதான் நமக்குச் சோறு போட்டது. மில்களிலும் கோழிப்பண்ணைகளிலும் மாட்டுகிற ராட்சச விசிறிகள். காற்று போதவில்லை என்று புகார் வந்தால் இறக்கையைக் கொஞ்சம் திருப்பி வைப்போம், அவ்வளவுதான் வைத்தியம். எங்கள் ஷாப்பில் டிகிரி என்று யாரும் பேசியதில்லை. ஒரு நூல், அரை நூல், கால் நூல். இஞ்சில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். கண்ணாலேயே பார்த்துக் கையாலேயே திருப்புவோம். அந்தக் கை வீட்டுக்கு வந்தும் சும்மா இருக்காது. சேலையூரில் உன் சித்தியின் புது வீட்டுப் பிரதிஷ்டையில் எல்லோரும் கண்ணை மூடி ஜெபம் செய்துகொண்டிருக்க, நான் மட்டும் அண்ணாந்து ஹால் விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆமென் சொன்ன கையோடு ஸ்டூல் கேட்டேன். ஜோராக ஓடிக்கொண்டிருந்த விசிறி. நான் சரி செய்த நாளிலிருந்து டக் டக் என்று அடித்துக்கொள்கிறது. உன் சித்தி பெருந்தன்மைக்காரி, இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் போகும்போது மட்டும் விசிறியை அணைத்துவிட்டு ஜன்னலைத் திறந்து வைக்கிறாள். இதையெல்லாம் நாம் வீட்டில் வேடிக்கையாகச் சொல்லிச் சிரிப்போம். கேட்காமல் பிறர் வேலையில் கை வைப்பது ஒரு கெட்ட குணம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, நானாகவும் யோசிக்கவில்லை.

நீ அந்தப் படகைச் செய்தபோது நான் ஒரு ஆணியும் அடித்துத் தரவில்லை. நீ கேட்கவும் இல்லை. பிளைவுட்டை நீயே அறுத்தாய், ஓட்டையெல்லாம் நீயே அடைத்தாய். இரண்டடி நீளப் படகு, பின்னால் ஒரு சின்னப் பித்தளை புரொப்பல்லர், மூன்று இறக்கை. அந்த இறக்கைகளைக் குறட்டால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிச் சாய்வை மாற்றி, பின்பக்கம் துணி துவைக்கும் சிமெண்ட் தொட்டியில் விட்டுப் பார்ப்பாய். படகைக் கொக்கித் தராசில் கட்டி எவ்வளவு இழுக்கிறது என்று குறித்துக்கொள்வாய். பிறகு மோட்டார் மேல் விரலை வைத்து எத்தனை எண்ணும்வரை தாங்க முடிகிறது என்று எண்ணுவாய். எனக்கு ஒருநாள் விளக்கிச் சொன்னாய். "ஸ்க்ரூ மாதிரி நினைச்சுக்கோங்க டாடி. ஒரு சுத்து சுத்தினா போட் எவ்வளவு தூரம் முன்னாடி போகணும்னு இந்தச் சாய்வுதான் சொல்லும். இதுக்குப் பேரு பிட்ச். ரொம்பச் சாய்ச்சா தண்ணிய நிறைய தள்ளும், ஆனா மோட்டாருக்கு மூச்சு வாங்கும்." இருபது டிகிரியில் வேகம் பற்றவில்லை. இருபத்தைந்தில் மோட்டார் சுட்டது. இருபத்திரண்டில் நிறுத்தினாய். ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்த பாகைமானியை வைத்து ஒரு மரக்கட்டையை அதே சாய்வில் சீவி, மூன்று இறக்கையையும் அதன் மேல் ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தாய். மயிரிழை வித்தியாசம் இருந்தாலும் திரும்பக் குறட்டை எடுப்பாய். நான் நடையில் செய்தித்தாள் படிக்கிற மாதிரி உட்கார்ந்து உன்னைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எங்கள் ஷாப்பில் அப்படி வேலை செய்கிறவன் ஒருவன்கூடக் கிடையாது, என்னையும் சேர்த்துத்தான். அப்போதே அதை உன்னிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மாடல் படகுப் போட்டிக்கு முந்தின சனிக்கிழமை செம்பாக்கம் ஏரியில் ஒத்திகை வைத்தார்கள். தண்ணீரில் மிதக்கவிட்ட இரண்டு காலி கேன்களைச் சுற்றிப் பத்து ரவுண்டு வர வேண்டும். குரோம்பேட்டையிலிருந்து வந்த ஒரு பையனின் சிவப்புப் படகு சர்ரென்று பறந்தது. உன் படகு அது பாட்டுக்கு நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பையனின் அப்பா, தொப்பி போட்டவர், என் பக்கம் சாய்ந்து, "என்ன சார், உங்க பொண்ணு போட் வாக்கிங் வந்திருக்கா? டாக்டர் சொன்னாரா?" என்றார். சும்மா கிண்டல்தான். நல்ல மனுஷர், அவரே டீயும் வாங்கிக் கொடுத்தார். எனக்கு அந்த டீ குடிக்கவே பிடிக்கவில்லை. இத்தனை வருஷம் இறக்கை திருப்பினவன் பெண்ணின் படகு வாக்கிங் போகிறதா என்று உள்ளே எரிந்தது. வீட்டுக்கு வரும் வழியில், "கொஞ்சம் சாய்வைக் கூட்டேன்மா" என்றேன். நீ, "பத்து ரவுண்டு இருக்கு டாடி. அந்த ரெட் போட் பாதியில நிக்கும் பாருங்க" என்றாய். நான் மனதில் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

போட்டி அடுத்த சனிக்கிழமை பிற்பகல். காலையில் நீ கணக்கு டியூஷனுக்குப் போயிருந்தாய். மம்மி பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தாள். படகு ஹாலில், பழைய தலையணை உறை மேல் இருந்தது. நான் குறட்டை எடுத்து மூன்று இறக்கையையும் அரை நூல் திருப்பினேன். ஐந்து நிமிஷ வேலை. எனக்குத் தெரியாத விஷயம் என்றும் சொல்ல முடியாது. சாய்வைக் கூட்டினால் மோட்டாருக்குப் பாரம் ஏறும் என்பது விசிறிக்காரனுக்கு அரிச்சுவடி. ஆனால் எங்கள் மோட்டார்கள் எருமை மாதிரி, ஏற்றினால் ஏற்றியதைத் தாங்கும். நீ வைத்திருந்தது உள்ளங்கையில் அடங்குகிற மோட்டார். அது தள்ள வேண்டியது காற்றை அல்ல, தண்ணீரை. அரை நூல் என்பது ஆறடி விசிறிக்குத் தூசு, உன் இரண்டு விரல்கடை புரொப்பல்லருக்கு அது மலை. ஜெயித்து வந்தபிறகு சொல்லிக்கொள்ளலாம், சந்தோஷப்படுவாள் என்று நினைத்துக்கொண்டு குறட்டை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுக் கை கழுவினேன்.

முதல் இரண்டு ரவுண்டு உன் படகு பறந்தது. தொப்பிக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த இரண்டு ரவுண்டும் எனக்கு எப்படி இருந்தது என்று இப்போது எழுதக் கூசுகிறது. நீ மட்டும் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு முகம் சுருங்கி நின்றாய். "இது ஏன் இவ்வளவு வேகமாப் போகுது" என்று முணுமுணுத்தாய். வேகத்தைக் குறைத்தாய். அதற்குள் நேரம் கடந்துவிட்டது. நாலாவது ரவுண்டில் ஏரிக் காவல்காரர்தான் முதலில் கத்தினார். "சார், போட்டு பொகையுது சார்! நடுவுல நின்னுகினு கீது பாரு!" அவரே தெர்மாகோல் மிதவையில் போய் இழுத்து வந்தார். நீ அழவில்லை. மோட்டாரை மோந்து பார்த்து, "வைண்டிங் போச்சு டாடி" என்றாய், அவ்வளவுதான். அந்தச் சிவப்புப் படகு ஏழாவது ரவுண்டில் நின்றது. பத்தையும் முடித்தவை மூன்றே படகுகள், மூன்றும் ஒத்திகையில் உன் படகு போனதைவிட மெதுவானவை. நான் கை வைக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கரையில் நின்றபோதே எனக்குத் தெரிந்துவிட்டது.

இதுவரை எழுதியதை அன்றைக்கே சொல்லியிருந்தால் நீ ஒருமூச்சு கத்திவிட்டு விட்டிருப்பாய். இதற்கு மேல் எழுதப் போவதைத்தான் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் காலெல்லாம் ஏரிச் சேறு என்று நீ குளிக்கப் போனாய். வெளியே வந்ததும் முதல் வேலையாக இறக்கையை அளந்து பார்ப்பாய் என்று எனக்குத் தெரியும். உன் மேசையிலிருந்த அந்த மரக்கட்டையை எடுத்தேன், குறட்டை எடுத்தேன், மூன்று இறக்கையையும் உன் சாய்வுக்கே திருப்பி வைத்தேன். உன்னைப் போலவே ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்து வைத்தேன். என் வாழ்க்கையில் நான் டிகிரி சுத்தமாகச் செய்த ஒரே வேலை அதுதான். நீ தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாய், கட்டையை வைத்துப் பார்த்தாய், மூன்றும் கச்சிதமாகப் பொருந்தின. ஏரியில் அது ஏன் அப்படிப் பறந்தது என்பதற்கு உன்னிடம் காரணம் இல்லை, உன் கணக்குதான் எங்கேயோ தப்பு என்பதைத் தவிர. பிறகு நோட்டை எடுத்து, கணக்குப் போட்ட ஆறு பக்கத்துக்கும் குறுக்கே கோடு இழுத்தாய். நான் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். "விடும்மா, எல்லாருக்கும் நடக்கிறதுதான்" என்றேன்.

மூன்று வாரம் கழித்து, கப்பல் கட்டும் படிப்புக்கு எடுத்து வைத்திருந்த விண்ணப்பத்தை நீ என் கையில் கொடுத்தாய். "இது வேணாம் டாடி. கம்ப்யூட்டர் சயின்ஸே போடலாம். எனக்குப் பேப்பர்லதான் வருது, கையில வரல." நான், "உன் இஷ்டம்மா" என்றேன். உன் இஷ்டமாம். ஜெனி, அந்த நிமிஷம் எனக்கு நிம்மதியாக இருந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கடிதம் எழுதியதற்கே அர்த்தம் இல்லை. நீ கொச்சி, விசாகப்பட்டினம் என்று பேசும்போதெல்லாம் நான் பேச்சை மாற்றிவிடுவேன். ஒற்றைப் பெண்ணை அவ்வளவு தூரம் அனுப்பி, கப்பல் பட்டறையில் ஆம்பளைகளுக்கு நடுவே வேலை பார்க்க விட்டு, நான் இங்கே அஸ்தினாபுரத்தில் எப்படி இருப்பேன் என்று பயம். போகாதே என்று சொல்லவும் தைரியம் இல்லை. சொல்லாமலே காரியம் நடந்துவிட்டது. படகு கெட்டது என் அவசரத்தால், அது வேறு. அதன்பின் வாயை மூடிக்கொண்டிருந்ததில் எனக்கு லாபம் இருந்தது. அதற்கு மன்னிப்புக் கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை, ஆனாலும் கேட்கிறேன்.

இந்த வாரம் திங்கட்கிழமை மம்மியிடம் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் பிள்ளைகளின் பொய்யைக் கேட்டவளுக்கு, என் பொய்யைக் கண்டுபிடிக்கவில்லையே என்ற கோபமும் சேர்ந்துகொண்டது. "தினமும் அவ பக்கத்துல உட்கார்ந்து சாப்பிட்டீங்களே, எப்படிங்க தொண்டையில இறங்குச்சு?" என்றாள். நான், "நீ பக்குவமா எடுத்துச் சொல்லேன்" என்றேன். "நான் ஏன் சொல்லணும்? ஓலை மூணு வாசிக்கிறதுக்குள்ள நீங்களே எழுதுங்க" என்று எழுந்து போய்விட்டாள். இரண்டு நாளாக என்னிடம் குழம்பு வேண்டுமா ரசம் வேண்டுமா என்பதற்கு மேல் பேசவில்லை. அதுவும் நியாயம்தான்.

கல்யாணம் ஆகப் போகிற பெண்ணுக்கு அப்பா புத்தி சொல்ல வேண்டும் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. எனக்கு அந்த யோக்கியதை எவ்வளவு மிச்சம் என்று தெரியவில்லை. இருந்தாலும் ஒன்று சொல்கிறேன். ஸ்டீபன் நல்ல பையன், உன் மேல் உயிராக இருக்கிறான். அப்படிப்பட்டவர்கள்தான் நாம் டியூஷனுக்குப் போன நேரம் பார்த்து நம் சாமானில் கை வைப்பார்கள். அவன் உனக்காக ஏதாவது செய்கிறேன் என்று வந்தால், என்ன செய்யப் போகிறாய் என்று முதலிலேயே கேள். நீயும் அவன் வேலையில் அவனைக் கேட்காமல் எதையும் திருத்தாதே. ஒருவேளை திருத்திக் கெட்டுப்போனால், அன்றைக்கே சொல்லிவிடு. ஒரு நாள் தள்ளினால் மறுநாள் சொல்வது இரண்டு மடங்கு கஷ்டம். பதினொரு வருஷம் தள்ளினால் என்ன ஆகும் என்பதற்கு நான் இருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை பரணிலிருந்து படகை இறக்கினேன். வீட்டுக்குள் வெள்ளம் வந்தபோது சர்ட்டிபிகேட் பைலுக்கு முன்னால் நான் பரணில் ஏற்றியது படகு இருந்த அந்தப் பெட்டியைத்தான். அப்பாவுக்கு என் மேல் எவ்வளவு பாசம் என்று நீ அன்று நினைத்திருப்பாய். நோட்டும் கட்டையும் உள்ளேயே இருந்தன. ரிச்சி தெருவுக்குப் போய் அதே அளவு மோட்டாரும், பேட்டரியும், ஒரு ரிமோட்டும் வாங்கி வந்து பொருத்தினேன். இறக்கையை நான் தொடவே இல்லை. கட்டையை மட்டும் வைத்துப் பார்த்தேன், நீ வைத்த இருபத்திரண்டு அப்படியே இருந்தது. இன்று காலையில் செம்பாக்கம் ஏரிக்கு எடுத்துப் போனேன். கேனெல்லாம் இல்லை. தண்ணீருக்குள் நிற்கிற ஒரு கருவேல மரத்தைச் சுற்றி விட்டேன். எனக்கு ரிமோட் பிடிக்கத் தெரியாது, இரண்டு தடவை மரத்தில் முட்டினேன். பத்து ரவுண்டு போயிற்று, ஜெனி. நிற்கவில்லை, இன்னும் நாலு ரவுண்டும் போயிற்று. வெளியே எடுத்து மோட்டாரில் விரலை வைத்து உன்னைப் போல எண்ணினேன். ஐம்பது எண்ணியும் விரலை எடுக்க வேண்டியிருக்கவில்லை. குழந்தைக்குப் பால் ஆற்றிக் கொடுக்கிற சூடுதான் இருந்தது. அங்கேயே கல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

நடைப்பயிற்சிக்கு வந்த ஒருவர், என் வயதுதான் இருக்கும், நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "சூப்பரா ஓடுச்சு சார். நீங்க செஞ்சதா?" என்றார். "இல்ல சார், என் பொண்ணு செஞ்சது. பிளஸ் டூ படிக்கும்போது." "அடேங்கப்பா. இப்ப கப்பல் இன்ஜினியரா இருக்காங்களா?" மழையைப் பற்றிப் பேச என் வாய் திறந்தது. வானத்தில் மேகமே இல்லை. "ஆகியிருப்பா சார். நான்தான் கெடுத்துட்டேன்" என்றேன். அவர் பாவம், என் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனார்.

வீட்டுக்கு வந்து இதை எழுத ஆரம்பித்தேன். மதியத்துக்குள் கூரியரில் போட்டுவிட்டால் சனிக்கிழமை உனக்குக் கிடைத்துவிடும். படகுக்கு வேறு மோட்டார் போட்டு ஓட்டிப் பார்க்க முடிந்தது. உன் பதினொரு வருஷத்துக்கு அப்படி எதையும் என்னால் வாங்கி மாட்ட முடியாது. நீ கோபப்படு, எத்தனை நாள் வேண்டுமானாலும் பேசாமல் இரு. அதற்கெல்லாம் உனக்கு உரிமை இருக்கிறது. திங்கட்கிழமை அந்த லேப் வேலையை வேண்டாம் என்று சொல்வதானாலும் சொல். பிடிக்கவில்லை என்று சொல், கல்யாண நேரம் என்று சொல், சம்பளம் போதாது என்று சொல். கையில் வராது என்று மட்டும் சொல்லிவிடாதே, அம்மா. உன் கையில் வந்தது. நான் பார்த்தேன்.

டாடி